நாற்பத்து மூன்றாவது கேள்வி

மார்ச் 2, திங்கள். காலை 5.50. கையில் இருக்கும் நிமிடங்கள்: நாற்பது.

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் மலை மேல் எங்கள் சுரங்கப்பாதை முகாமுக்கு டீசல் டேங்கரில் வந்து சேர்ந்தது. டீசலை இறக்கி முடிக்க நாற்பது நிமிடம் ஆகும். அதற்குள் எழுதிக் கொடுத்தால் இதே டேங்கரில் பதில் கீழே இறங்கும். இல்லாவிட்டால் வியாழக்கிழமைதான். ஆகவே நலம் விசாரிப்பெல்லாம் இதில் இருக்காது.

நீ எழுதியது மொத்தம் ஆறு வரி. வண்டி பாலத்தில் நின்றுவிட்டது, இன்ஜின் போய்விட்டதாம், அப்பா நன்றாக இருக்கிறார், வேறு பழைய வண்டிதான் பார்க்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நிற்பதற்கு முன் சத்தம் வந்ததா? புகை வெள்ளையா, கறுப்பா? ரேடியேட்டரில் தண்ணீர் இருந்ததா? எதுவும் இல்லை. நேற்று வழக்கம்போல மேனேஜர் அறையில் வரிசையில் நின்று சாட்டிலைட் போனில் கூப்பிட்டேன். "எழுது" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன்.

புது வண்டி நமக்குக் கட்டுப்படியாகாது. பழையதுதான். ஆனால் பழைய வண்டி விற்கிறவன் எல்லாருமே எதையோ மறைக்கிறவன்தான், இதை மனதில் வைத்துக்கொள். இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். நாற்பத்திரண்டு கேள்விகள். பத்துப் பிரதிகள். ஒரு வண்டிக்கு ஒன்று. தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று எழுது, ஊகித்து எழுதாதே. முதல் கேள்வியை விட்டுவிடாதே: போனவுடன் பானெட்டில் கை வைத்துப் பார். சூடாக இருந்தால், நீ வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். காலையில் எழுந்திருக்காத இன்ஜினுக்குத்தான் அப்படிச் செய்வார்கள்.

நான் சரி என்று எழுதும் வரை எதையும் வாங்காதே. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் முப்பத்தெட்டு கிலோமீட்டர். நடுவழியில் நிற்கிற வண்டி இனி அப்பாவுக்கு வேண்டாம்.

தம்பி


மார்ச் 8, ஞாயிறு

டேய்,

நாள், நேரம், எண்ணிக்கை என்று போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆரம்பிக்க எனக்கு வராது. ஏன் போனை வைத்தேன் என்று கேட்கிறாய். உனக்குத் தருவது மூன்று நிமிடம். அதில் இரண்டே முக்கால் நிமிடம் நீ பேசுகிறாய். மீதிக் கால் நிமிடத்தில் "சரி" என்று சொல்ல மட்டும்தான் எனக்கு இடம். கடிதத்தில் நீ குறுக்கே விழ முடியாது. அதனால்தான்.

இப்போது குறுக்கே விழாமல் கேள்.

அன்று வெள்ளிக்கிழமை. டயாலிசிஸ் முடிந்து வந்துகொண்டிருந்தோம். அப்பா வழக்கம்போலப் பின்சீட்டில், இடது பக்கம். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஏதோ இனிப்பாகத் தீய்கிற வாசனை வந்தது. சூடு காட்டுகிற ஊசியைப் பார்த்தேன். அங்கே ஊசி எங்கே இருக்கிறது? மருந்துக்கடை பிளாஸ்டர்தான் இருக்கிறது, உன் கையெழுத்தில்: "பொய். பார்க்காதே." ஒன்றரை வருடமாக அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். அன்று உரிக்கலாம் என்று கையைக் கொண்டு போனேன். பின்னாலிருந்து அப்பா சொன்னார்:

"விடும்மா. அவன் பாத்து ஒட்டினது. அவனுக்குத் தெரியாததா?"

விட்டேன். பாலத்தின் நடுவில் ஒரு இடி. அப்புறம் நீராவி. நம் ஊதா நிற வண்டி, நம் கத்தரிக்காய், அத்தோடு முடிந்தது. கூலண்ட் குழாய் வெடித்திருந்ததாம், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையாம். பட்டறைக்காரர் பிளாஸ்டரைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம்.

ஒன்றே முக்கால் மணி நேரம் அப்பா பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார், ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு. கடைசியில் ஒரு பால் வேன்காரர் ஏற்றிக்கொண்டு வந்தார். அப்பா அவரிடம் உன்னைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டே வந்தார். "பையன் இன்ஜினியருங்க. மலையையே குடையுறான்." பின்னால் வண்டி செத்துக் கிடக்கிறது.

டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள் இல்லையா, அதை இன்னும் அவரேதான் தன் நோட்டில் எழுதுகிறார். முப்பத்தொரு வருடம் எடை மேடையில் லாரிகளை நிறுத்து எழுதிய கை, நர்ஸ் எழுத்தை நம்புமா? உள்ளே போகும்போது "லோடு", வெளியே வரும்போது "காலி". முந்தாநாள் லோடு 64.3, காலி 62.1. "ரெண்டு கிலோ இருநூறு இறக்கிட்டாங்க, சுங்கம் கிடையாது" என்கிறார்.

இரண்டு வண்டி பார்த்தேன். இரண்டு படிவமும் இத்துடன். அம்மா போன பிறகு இந்த வீட்டில் முடிவெடுப்பது நீ, அலைவது நான், சரி என்று தலையாட்டுவது அப்பா. சீக்கிரம் முடிவெடு. இப்போது பஸ்ஸில்தான் போகிறோம். இரண்டு இடத்தில் மாறி ஏற வேண்டும்.

அக்கா


மார்ச் 12, வியாழன். காலை 6.05. பார்த்த வண்டிகள்: இரண்டு. தேறியவை: இல்லை.

அக்கா,

முதலில் பிளாஸ்டர். அதை ஒட்டியபோது அந்த சென்சார் கெட்டிருந்தது. குளிர்ந்த இன்ஜினிலேயே ஊசி சிவப்பில் நின்றது. நான் தெர்மாமீட்டர் வைத்து அளந்துதான் முடிவு செய்தேன். பொய் சொல்கிற ஊசியை மறைப்பது சரியான முடிவு. அடுத்த முறை வரும்போது சென்சாரை மாற்றுகிறேன் என்று சொன்னேன். அடுத்த முறை வரமுடியவில்லை. இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

வெள்ளை வண்டி: வேண்டாம். மீட்டரில் நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறாய். பதினேழாம் கேள்விக்கு, பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று கோடே இல்லாமல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நாற்பதாயிரத்தில் ரப்பர் அப்படித் தேயாது. மீட்டரைத் திருத்தியிருக்கிறார்கள். எண்ணை மாற்றலாம், தேய்மானத்தை மாற்ற முடியாது. எண் ரொம்ப அழகாக இருந்தால் சந்தேகப்படு.

சாம்பல் நிற வண்டி: வேண்டாம். கதவுக் கீல் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருக்கிறது. கதவைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். எங்கேயோ மோதியது.

டேங்கர் டிரைவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். "என்ன சார், லவ் லெட்டரா?" என்கிறார். அக்காவுக்கு என்றேன். "அதான் பேனாவை இந்த அழுத்து அழுத்துறீங்க" என்கிறார்.

இன்னும் பார். அவசரப்பட்டு எதையாவது தலையில் கட்டிக்கொள்ளாதே.

தம்பி


மார்ச் 18, புதன்

டேய்,

கடையில் சாப்பாட்டு நேரம். லென்ஸ் தேய்க்கிற மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், தாளில் தூசி இருந்தால் அதுதான்.

புதன்கிழமை கடைக்குக் கண் டாக்டர் வருகிற நாள். இருபது பேராவது காத்திருப்பார்கள். நான்தான் ஒவ்வொருவருக்கும் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, இது தெளிவா" என்று கேட்க வேண்டும். வண்டி இருந்தபோது மதியத்துக்குள் அப்பாவை விட்டுவிட்டு வந்துவிடுவேன். பஸ் என்றால் முழு நாளும் போகிறது. திங்களும் வெள்ளியும் எப்படியோ சமாளிக்கிறேன். புதனும் விடுப்பு என்றால் வேலைக்கே வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். இதை வீட்டில் முணுமுணுத்தது அப்பா காதில் விழுந்துவிட்டது.

"நான் என்ன சின்னப் பையனா? புதன்கிழமை நானே போயிட்டு வர்றேன்" என்றார். போன புதன் தனியாகப் போய் வந்தார். லோடு 64.2, காலி 62.1. வந்து படுத்தவர் மறுநாள்தான் எழுந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாராம். இன்றும் தனியாகத்தான் போயிருக்கிறார். இந்நேரம் ஊசி குத்தியிருப்பார்கள்.

மூன்றாவது வண்டி ஒரு தரகருடையது. பானெட்டில் கை வைத்தேன், தோசைக்கல் மாதிரி சூடு. "வெயில்ல நின்னுச்சும்மா" என்றார். வண்டி நின்றது கூரைக்குக் கீழே. திரும்பி வந்துவிட்டேன். பார், உன் படிப்பில் கொஞ்சம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

நான்காவதைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஒரு தையற்காரம்மாவின் வண்டி. வீட்டின் முன்பக்கத்தில் தையல் மிஷின், பக்கத்துச் சந்தில் வண்டி. கணவர் இருந்தபோது வாங்கியதாம். இப்போது துணி எடுத்துக்கொண்டு கடைக்கும் வீட்டுக்குமாக ஓட்டுகிறார், போக இரண்டு, வர இரண்டு கிலோமீட்டர். அவ்வளவுதான் அதன் உலகம். சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிப் போனேன். நான் உன் படிவத்தை வைத்துக்கொண்டு டயருக்கடியில் குனிந்துகொண்டிருந்தபோது அவர் பின்கதவைத் திறந்து தானாகவே ஏறி உட்கார்ந்தார். கேட்டாயா? தானாகவே. கத்தரிக்காயில் நான் காலைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். இதில் கதவு அகலம், சீட் உயரம். கையை வைத்துக்கொள்ள நடுவில் ஒரு மெத்தைக்கட்டை இருக்கிறது. ஊசி குத்திய கைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

கேள்வி இருபத்தெட்டில் இருந்தபோது எட்டிப் பார்த்தேன். தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி. தையற்காரம்மா, "எழுப்பாதீங்க, எனக்கொண்ணும் அவசரமில்ல" என்று சொல்லி மிஷினை நிறுத்திவிட்டார்.

உன் படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்வி இருக்கிறது. உட்கார்ந்து போகிற மனிதரைப் பற்றி ஒன்று கூட இல்லை. நான் கீழே ஒன்று சேர்த்திருக்கிறேன். "43. அப்பா ஏறி உட்கார முடிகிறதா? முடிகிறது. தூங்கியும் விட்டார்."

நீ ஊகித்து எழுதாதே என்றதால் முப்பத்தொன்றையும் உள்ளபடி எழுதியிருக்கிறேன்: ஆயில் மூடியின் உள்பக்கம் லேசாக வெள்ளையாக, மோர் மாதிரி ஏதோ இருக்கிறது. மற்றதெல்லாம் சரி. அடுத்த வார இறுதி வரை அவர் யாருக்கும் கொடுக்கமாட்டார். சரி என்று ஒரே வார்த்தை எழுது.

அக்கா


மார்ச் 23, திங்கள். காலை 5.55. பார்த்தவை: நான்கு. தேறியவை: இல்லை.

அக்கா,

வேண்டாம்.

ஆயில் மூடியில் வெள்ளை என்றால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டையும் பிரித்து வைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். கத்தரிக்காய் செத்த அதே வழி. இன்னொரு பாலத்தில் இன்னொரு முறை அப்பாவை உட்கார வைக்கப் போகிறாயா? அந்தம்மா நல்லவராக இருக்கலாம். இன்ஜினுக்கு அது தெரியாது.

நாற்பத்து மூன்று என்று என் படிவத்தில் ஒன்றும் கிடையாது. சீட் பிடிக்கவில்லை என்றால் சீட்டை மாற்றிக்கொள்ளலாம். மெத்தைக்கட்டையைத் தச்சனிடம் சொன்னால் அரை நாளில் செய்து தருவான். இன்ஜினை அப்படி மாற்ற முடியாது. தூங்கினார் என்பதற்காக யாராவது கார் வாங்குவார்களா?

வேறு பார். படிவம் தீர்ந்தால் சொல், அனுப்புகிறேன்.

தம்பி


மார்ச் 29, ஞாயிறு

உன் "வேண்டாம்" வந்தது. அதைப் படித்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன், "இவனைக் கேட்க வேண்டாம்பா, நாமே வாங்கிடலாம்."

"அதெப்படிம்மா? படிச்ச பிள்ளை, யோசிச்சுத்தான் சொல்லுவான். அவன் சரிங்கட்டும்."

"அவன் எப்பப்பா சரின்னு சொல்லியிருக்கான்?"

"சொல்லுவான். பயந்திருக்கான். பாலத்துல நின்னது நாம, நடுங்கிட்டிருக்கிறது அவன்."

உனக்காகப் பேசுவதற்கு ஒரு ஆள் இங்கே எப்போதும் இருக்கிறார், கவலைப்படாதே. நேற்று தையற்காரம்மாவுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அப்படியா" என்றார். இந்நேரம் யாராவது ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஐந்து, ஆறு, ஏழு மூன்றுக்கும் படிவம் வைத்திருக்கிறேன். நீ என்ன எழுதப் போகிறாய் என்று எனக்கே தெரியும். ஏழாவதன் கதவு நான் திறக்கும்போதே கையோடு வந்தது.

அப்பாவின் முகம் கொஞ்சம் வீங்கிய மாதிரி இருக்கிறது. பஸ் தூசி என்கிறார். எடை கேட்டிருந்தாய் இல்லையா, இல்லை, நீ கேட்கவில்லை. இருந்தாலும் அவர் நோட்டிலிருந்து பார்த்து எழுதுகிறேன். இரண்டு வாரம்:

திங்கள் 64.9, 62.3. புதன் 64.0, 62.0. வெள்ளி 65.8, 62.7.
திங்கள் 65.2, 62.6. புதன் 64.0, 62.0. வெள்ளி 66.4, 63.1.

வெள்ளிக்கிழமை இவ்வளவு ஏறக்கூடாது என்று நர்ஸ் திட்டினார். பஸ்ஸில் தாகம் எடுக்கிறது, தண்ணீர் குடித்துவிட்டேன் என்கிறார் அப்பா. நீயாவது எழுது, உன் பேச்சைக் கேட்பார்.

அக்கா


ஏப்ரல் 2, வியாழன். காலை 6.20. பார்த்தவை: ஏழு. தேறியவை: இல்லை. மீதி நிமிடங்கள்: பத்து.

அக்கா,

டேங்கர் தாமதமாக வந்தது, நேரமில்லை. ஐந்து: அடிச்சட்டத்தில் துரு, வேண்டாம். ஆறு: கிளட்ச், வேண்டாம். ஏழு: நீயே சொல்லிவிட்டாய்.

எடைகளைப் பார்த்தேன். புதன்கிழமை எண்கள் நன்றாக, நிலையாக இருக்கின்றன. ஆக உடம்பு சரியாகத்தான் வேலை செய்கிறது. வெள்ளிக்கிழமை தண்ணீரைக் குறைக்கச் சொல். தனியாகப் போகும்போது ஒழுங்காக இருக்கிறார், உன்னோடு வரும்போதுதான் செல்லம் கொஞ்சுகிறார் போலிருக்கிறது.

எனவே அவசரமில்லை. நல்ல வண்டியாகக் கிடைக்கும் வரை காத்திருக்கலாம்.

தம்பி


ஏப்ரல் 26, ஞாயிறு. காலை 6.40. எண்ணிக்கை: இரண்டு. நீயும் நானும்.

உன்னைப் போலவே ஆரம்பித்துப் பார்த்தேன். இப்போது வருகிறது.

இரண்டு வாரத்துக்கு முன் இதே ஞாயிறு, இதே நேரம்தான் அப்பா மூச்சு வாங்குகிறது என்று என்னைக் கூப்பிட்டார். வாடகை வண்டி வர இருபது நிமிடம் ஆனது. அதற்குள் முடிந்துவிட்டது. இதையெல்லாம் நீ வந்தபோது சொன்னேன். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். நீ கேட்டது ஒன்றுதான்: "தினமும் வாடகை வண்டி வெச்சிருக்க வேண்டியதுதானே?" எல்லார் முன்னாலும் கேட்டாய். எந்தப் பணத்தில் வைப்பது என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நீ கிளம்பியபோது உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வரவில்லை. உனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். குறுக்கே விழாதே.

போன புதன்கிழமை மதியம் தையற்காரம்மா கடைக்கு வந்தார். கண்ணாடி மாற்ற வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "அப்பா ரெண்டு வாரமா வரலையே, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றார். எங்கே வரவில்லை என்று கேட்டேன்.

"புதன்கிழமை புதன்கிழமை வருவாருங்க. பத்து மணி வாக்கில. 'கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா'ன்னு கேப்பாரு. நான் பின்கதவைத் திறந்துவிட்டுட்டு மிஷினுக்குப் போயிடுவேன். நல்லாத் தூங்குவாரு. மூணு மணிக்கு எந்திரிச்சு, சட்டைக் கையை இறக்கி விட்டுக்கிட்டுக் கிளம்பிடுவாரு."

"வண்டி வேண்டாம்னு சொல்லிட்டோமேம்மா?"

"நீங்க சொன்னீங்க. அவர் வேற சொன்னாரு. 'பையன் நாப்பத்திரண்டு கேள்வி வச்சிருக்கான், நாப்பத்தொண்ணு தாண்டிட்டான், ஒண்ணுல நிக்கிறான். சரின்னுடுவான். அதுவரைக்கும் யாருக்கும் குடுத்துடாதீங்க'ன்னு. அதான் வெச்சிருக்கேன்."

அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். முன்பின் தெரியாத மனுஷி, லென்ஸ் தட்டுகளுக்கு நடுவே நின்று அழுதார். என்னைச் சமாதானப்படுத்த வேண்டியவரை நான் சமாதானப்படுத்தினேன்.

மறுநாள் டயாலிசிஸ் இடத்துக்குப் போனேன். நர்ஸ் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மார்ச் 16 தேதி போட்டு, "வண்டி வரும்வரை புதன்கிழமை வர இயலாது, என் சம்மதத்தின் பேரில்" என்று எழுதி அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். "எவ்வளவோ சொல்லிப் பாத்தோம்மா. பொண்ணு வேலை போயிடும், அவகிட்ட சொல்லிடாதீங்கன்னாரு. இன்னும் ரெண்டு மூணு வாரந்தான், பையன் வண்டி பாத்துட்டிருக்கான்னாரு." அன்று நான் வெளியே மருந்து வாங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். நான்கு புதன்கிழமை. 64.0, 62.0. 64.0, 62.0. 64.0, 62.0. 64.0, 62.0. எல்லாம் அவர் எழுத்தில், நேராக, அழகாக. முப்பத்தொரு வருடம் ஒரு லாரிக்குக் கூட ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ எழுதாத மனிதர்டா. பொய் எடை எழுதத் தெரியவில்லை அவருக்கு. நான்கு முறையும் ஒரே எண்ணை எழுதியிருக்கிறார்.

அந்த எண்களை என் கையால் பார்த்துப் பார்த்து உனக்கு எழுதினேன். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் எது தெளிவு என்று கேட்கிறவள் நான். எனக்குத் தெரியவில்லை. உன்னை மட்டும் சொல்லவில்லை.

இனி படிவம் அனுப்பாதே. புதன்கிழமைகளில் எனக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.

அக்கா


ஏப்ரல் 30, வியாழன். மாலை 4.15. நான் தேறாது என்றவை: ஏழு. உண்மையில் கெட்டவை: ஆறு.

அக்கா,

உன் கடிதம் காலையில் வந்தது. நாற்பது நிமிடமும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்தார். அப்புறம் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை குடுங்க சார்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். இங்கே வந்ததிலிருந்து டேங்கருக்கு அவசரப்படாமல் எழுதும் முதல் கடிதம் இது. உனக்கு அனுப்பிய ஒவ்வொரு "வேண்டாம்"உம் ஒரு டேங்க் டீசல் இறங்குகிற நேரத்தில் எழுதியது. அப்பாவின் எடைகளைப் பத்து நிமிடத்தில் பார்த்தேன்.

ஆயில் மூடியில் வெள்ளை. அதைச் சொல்லிவிடுகிறேன். தினமும் இரண்டு இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடேறவே ஏறாது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகாமல் மூடியில் போய் ஒட்டிக்கொள்ளும். பார்க்க மோர் மாதிரிதான் இருக்கும். துணியால் துடைத்துவிட்டு முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓட்டினால் போய்விடும். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் கூலண்ட் குறையும், வெள்ளைப் புகை வரும். அந்த இரண்டு கேள்விக்கும் இல்லை என்று நீ எழுதியிருந்தாய்.

இது எனக்குப் பின்னால் தெரிந்ததில்லை. மார்ச் 23 காலை 5.55க்கே தெரியும். "போக இரண்டு, வர இரண்டு" என்று படித்தவுடனேயே தெரியும். சரி என்று எழுதத் தாளில் பேனாவை வைத்தேன். வைத்ததும் பாலமும் பிளாஸ்டரும் கண்ணில் வந்தன. சரி என்று நினைத்து நான் மறைத்த ஒரு ஊசியால்தான் அவர் அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு முறை சரி என்று சொல்லிப் பொய்த்துப்போனால்? வேண்டாம் என்று எழுதினால் யாரும் என்னைக் கேட்க முடியாது. வாங்காத வண்டி எந்தப் பாலத்திலும் நிற்காது. அதனால் வேண்டாம் என்று எழுதினேன். தச்சனைப் பற்றி எழுதினேன். தூங்கினார் என்பதற்காக யாராவது கார் வாங்குவார்களா என்று எழுதினேன். அந்த வரியை எழுதியவன் நான்தான். திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கிறேன், வேறு யாருடைய கையெழுத்தாகவும் மாற மாட்டேன் என்கிறது.

அப்பா உன்னிடம் சொல்லியிருக்கிறார், பயந்திருக்கான் என்று. கண்டுபிடித்துவிட்டார் மனிதர். நீ அதை எனக்கு எழுதவும் செய்தாய். அதையும் தாண்டிப் போனேன்.

சென்சார் பற்றியும். கெட்டிருந்தது உண்மை. ஆனால் மாற்ற அரை மணி நேர வேலை. அன்று எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பிளாஸ்டர் ஒட்ட ஒரு நிமிடம்தான்.

வெள்ளை வண்டியின் மீட்டரை இங்கே மலை மேல் உட்கார்ந்துகொண்டே பிடித்தேன். எண் ரொம்ப அழகாக இருந்தால் சந்தேகப்படு என்று உனக்குப் பாடம் எடுத்தேன். மூன்று வாரத்தில் அப்பாவின் எண் வந்தது. திங்கள் தசமத்தோடு, வெள்ளி தசமத்தோடு, நடுவில் புதன் மட்டும் வெட்டி ஒட்டியது போல. நன்றாக, நிலையாக இருக்கிறது என்றேன். அப்பாவின் பெடல் ரப்பரையும் நீ எழுதியிருந்தாய்: முகம் வீங்கிய மாதிரி இருக்கிறது. அதையும் படித்தேன்.

"உன்னை மட்டும் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறாய். சொல். வாடகை வண்டி பற்றி எல்லார் முன்னாலும் கேட்டேனே, அது உன்னைக் கேட்டது இல்லை. யாரையாவது கேட்டாக வேண்டியிருந்தது. நீ துணி மடித்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரே சட்டையைத்தான் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாய். உள்ளே வந்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

மேனேஜரிடம் விடுப்பு கேட்டேன். எத்தனை நாள் என்றார். தெரியாது என்றேன். நான் தெரியாது என்று சொல்லி அவர் கேட்டதில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார். இனிச் செய்யப் போவது:

1. திங்கட்கிழமை டேங்கரில் இந்தக் கடிதமும் நானும் சேர்ந்தே கீழே இறங்குவோம்.

2. கடிதத்தை உன் கையில் கொடுப்பேன். நீ படித்து முடித்து, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்க மாட்டேன். மூன்று நிமிடக் கணக்கு கிடையாது.

3. பட்டறைக்குப் போய்க் கத்தரிக்காயின் ஊசி மேல் இருக்கும் பிளாஸ்டரை நானே உரிப்பேன். அதை வேறு யாரும் இனிப் படிக்க வேண்டாம்.

4. புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தையற்காரம்மா வீட்டுக்குப் போவேன். நீயும் வந்தால் நல்லது. படிவம் எடுத்துப்போக மாட்டேன். பானெட்டைத் திறக்க மாட்டேன்.

5. அவரிடம் கேட்டுவிட்டுப் பின்சீட்டில், இடது பக்கம் உட்காருவேன். எவ்வளவு நேரம் என்று பார்க்க மாட்டேன்.